'ஓட்டம்' வினைச்சொல்லா? சிறுவர்களுக்கு வினை கற்பிக்கும் வழி

மூன்றாம் வகுப்பில் கரும்பலகையில் 'ஓட்டம்' என்று எழுதி, இது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று கேட்டுப் பாருங்கள். 'வினைச்சொல்' என்று உற்சாகமாகப் பதில் வரும். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. 'செயலைக் குறிக்கும் சொல் வினைச்சொல்' என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஓட்டமும் செயல்தானே? சமையல், தூக்கம், விளையாட்டு, சண்டை எல்லாமே செயல்கள்தாம். ஆனால் இவை செயலுக்கு வைத்த பெயர்கள். ஒன்றுகூட வினைச்சொல் அல்ல.

தொல்காப்பியம் இந்தக் குழப்பத்துக்கே இடம் தரவில்லை. 'வினை எனப்படுவது வேற்றுமை கொள்ளாது, நினையும் காலைக் காலமொடு தோன்றும்' என்பது அதன் வரையறை. இதில் இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன: வினை வேற்றுமை உருபை (ஐ, ஆல், கு போன்றவற்றை) ஏற்காது, காலம் காட்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு நூற்பா வேண்டாம். ஆனால் இந்த இரண்டு அடையாளங்களையும் அவர்கள் கையாலேயே சோதித்துப் பார்க்க முடியும்.

சோதனை எளியது. ஒரு சொல்லைச் சொல்லுங்கள். அதன் முன்னால் 'நேற்று' என்று போடச் சொல்லுங்கள், பிறகு 'நாளை' என்று. 'நேற்று ஓட்டம், நாளை ஓட்டம்': சொல் அசையவில்லை. 'நேற்று ஓடினான், நாளை ஓடுவான்': சொல்லே உருமாறிவிட்டது. நாளுக்கேற்ப உருமாறுவது வினை. சந்தேகம் இருந்தால் 'ஐ' சேர்த்துப் பார்க்கலாம். ஓட்டத்தை, சமையலை, தூக்கத்தை என்று சேர்கிறது. 'ஓடினான்' என்பதோடு 'ஐ' சேர்த்தால் பிள்ளைகளே சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பு அவர்களின் காது சரியாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்று.

வினை கற்பிப்பதில் மறக்கக்கூடாதது இதுதான். தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் முதல் வகுப்புப் பிள்ளை, 'நேத்து பாட்டி வந்தாங்க, நாளைக்குப் போயிருவாங்க' என்று காலம், மரியாதை எதிலும் பிசகாமல் பேசுகிறது. அதற்கு வினை தெரியும். தன் வாயில் இருக்கும் சொல்லுக்குள் காலமும் ஆளும் ஒளிந்திருப்பதைக் கேட்க வைப்பதும், அதை எழுத்துக்குக் கொண்டுவருவதுமே வகுப்பின் வேலை.

ஏவலில் தொடங்குங்கள்

தமிழில் ஒருமை ஏவல்தான் பெரும்பாலும் வினைப்பகுதி. 'ஓடு' என்றால் கட்டளை. 'ஓடினான்', 'ஓடுவாள்' எல்லாவற்றுக்கும் வேரும் அதுவே. ஆகவே முதல் இரண்டு வாரம் எழுத்தே வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் செய்யட்டும்: எழு, நட, குதி, சிரி, பாடு, திற, மூடு, எடு, கொடு, உட்கார். பத்துச் சொல் போதும். உடலால் செய்து மொழியைப் பற்றும் இந்த முறையை 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டாம் மொழிப் பாடத்துக்காக வகுத்துக் கொடுத்தார். தமிழுக்கு இது கூடுதலாகப் பொருந்துகிறது, ஏனென்றால் கட்டளையைக் கேட்கும்போதே பிள்ளை பகுதியைக் கற்றுக்கொள்கிறது.

மூன்றாம் நாளிலிருந்து பிள்ளைகளே கட்டளையிடட்டும். நண்பனுக்கு 'வா', ஆசிரியருக்கு 'வாருங்கள்'. மரியாதைப் பன்மையை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது காலம். இங்கே பலரும் பலகையை மூன்றாகப் பிரித்து நேற்று, இன்று, நாளை என்று எழுதுவார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. 'இன்று காலை இட்லி சாப்பிட்டேன்' என்ற வாக்கியத்தைக் கொடுத்தால், 'இன்று' என்ற சொல்லைப் பார்த்து நிகழ்காலம் என்று எழுதுவார்கள். 'இன்று மாலை வருவான்' என்பதற்கும் அதே கதி. நேற்று–நாளை சோதனை வினையைக் கண்டுபிடிக்க உதவும். காலத்துக்குப் பெயர் வைக்க நாள்களை நம்பக்கூடாது. 'முடிந்தது, நடக்கிறது, இனிமேல்' என்று எழுதுங்கள். இட்லி சாப்பிட்டு முடிந்ததா? முடிந்தது. அவ்வளவுதான், குழப்பம் தீர்ந்தது.

செய்து காட்டும்போது இன்னொரு இடைஞ்சல் வரும். குதித்தல், உட்கார்தல், விழுதல் எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். 'குதிக்கிறேன்' என்று சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை குதித்துவிட்டிருக்கும். அது பொய்யான நிகழ்காலம். நிகழ்காலத்துக்கு நீளும் செயல்களே வேண்டும்: நடப்பது, எழுதுவது, பெருக்குவது, தண்ணீர் குடிப்பது. குடிப்பவள் பேச முடியாது. அதனால் வகுப்பு முழுவதும் சேர்ந்து 'கயல் குடிக்கிறாள்' என்று சொல்லும். குவளையைக் கீழே வைத்ததும் கயலே 'குடித்தேன்' என்பாள். ஆள் மாறினால் சொல்லின் வால் மாறுவது அந்த நொடியில் எல்லோருக்கும் கேட்கும்.

அட்டையை எங்கே வெட்டுவது?

எழுத்துக்கு வரும்போது அட்டை நல்ல கருவி. பழைய திருமண அழைப்பிதழ்களின் வெள்ளைப் பக்கம் போதும், 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். பகுதிக்கு ஒரு நிறம், வாலுக்கு ஒரு நிறம்.

இலக்கணப்படி நடந்தான் என்பதை நட + த்(ந்) + த் + ஆன் என்று பிரிப்போம். அந்தப் பிரிப்பை அப்படியே அட்டையில் வெட்டினால் சிறுவர்கள் தடுமாறுவார்கள். 'தா' என்பது அவர்கள் கண்ணுக்கு ஒரே எழுத்து. அதை த், ஆ என்று இரண்டாகக் கிழித்தால், வாசிக்கக் கற்றதையே சந்தேகப்பட வைக்கிறோம். பகுபத உறுப்புகள் உயர்நிலை வகுப்புக்கு உரியவை, அங்கே வந்துகொள்ளட்டும். இங்கே இரண்டே துண்டு: 'நட' ஒன்று, 'ந்தான்' ஒன்று.

இப்படி நட, பற, மற, திற, சும, அள என்று ஆறு பகுதி அட்டைகள். ந்தேன், ந்தோம், ந்தாய், ந்தான், ந்தாள், ந்தார், ந்தார்கள், ந்தது என்று எட்டு வால் அட்டைகள். மொத்தம் 14 அட்டை, 48 சொற்கள். முப்பது பேர் இருக்கும் வகுப்பை ஐவர் ஐவராகப் பிரித்தால் ஆறு கட்டு அட்டை வேண்டும். ஒரு மாலையில் எழுதிவிடலாம். ஒரு பிள்ளை பகுதியை வைக்க, இன்னொன்று வாலை வைக்க, மூன்றாவது பிள்ளை அதற்கு 'நான்', 'அவள்', 'மாடு' என்று தலையைக் கண்டுபிடித்து வாக்கியமாகச் சொல்ல வேண்டும். தலையும் வாலும் பொருந்தாவிட்டால், 'நான் நடந்தான்' என்று வந்துவிட்டால், குழுவே பிடித்துவிடும்.

2022இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைப் பிள்ளைகள் இருப்பார்கள். அதே அட்டைக்கட்டு மூவருக்கும் உதவும். அரும்பு செய்து காட்டிச் சொல்லும், மொட்டு அட்டை சேர்த்து வாசிக்கும், மலர் வாக்கியம் எழுதும். 40 நிமிடப் பாடவேளையில் முதல் 5 நிமிடம் ஏவல், 10 நிமிடம் காலம், 15 நிமிடம் அட்டை, மீதி 10 நிமிடத்தில் நான்கே வாக்கியம் எழுதினால் போதும்.

இறந்தகாலமே முதலில்

நிகழ்காலத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் தமிழ் வினையின் குணம் முழுவதும் இறந்தகாலத்தில்தான் வெளிப்படுகிறது. நிகழ்காலத்தில் எல்லாச் சொல்லும் கிறான் அல்லது க்கிறான் என்று முடியும். நில், கேள் போன்ற சிலவே நிற்கிறான், கேட்கிறான் என்று கொஞ்சம் விலகும். எதிர்காலம் அதையே பின்தொடரும்: ஓடுகிறான் என்றால் ஓடுவான், நடக்கிறான் என்றால் நடப்பான். இறந்தகாலம்தான் ஓடினான், படித்தான், நடந்தான், போட்டான், சொன்னான் என்று பல முகம் காட்டுகிறது. அதை வகைப்படுத்திவிட்டால் மற்ற இரண்டும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் பேசும் கதைகளும் நடந்து முடிந்தவையே.

வகுப்பில் ஐந்து கூடைகள் வையுங்கள். முதல் கூடை 'இனான்': ஓடினான், பாடினான், தூங்கினான், பேசினான், எழுதினான். உகரத்தில் முடியும் சொற்களில் பெரும்பகுதி இதில் விழும். இரண்டாவது 'த்தான்': படித்தான், சிரித்தான், எடுத்தான், பார்த்தான். மூன்றாவது 'ந்தான்': நடந்தான், திறந்தான், விழுந்தான், உட்கார்ந்தான். நான்காவது 'ட்டான்': போட்டான், சாப்பிட்டான், தொட்டான், கேட்டான். ஐந்தாவது தனிக்கூடை: போனான், சொன்னான், நின்றான், தின்றான், அழுதான் போன்றவை. வா, தா இரண்டும் வந்தான், தந்தான் என்று முடிந்தாலும் பகுதியே குறுகிவிடுவதால் தனிக்கூடையில்தான் போட வேண்டும். இவற்றுக்கு அட்டை வெட்டாதீர்கள். முழுச் சொல்லாகவே பழகட்டும்.

எது எந்தக் கூடை என்பதற்குச் சில தடயங்கள் உண்டு, தெரிந்துகொண்டால் ஆசிரியருக்கே மகிழ்ச்சி தருபவை. அகரத்தில் முடிந்து க்கிறான் ஏற்கும் சொல் ந்தான் கூடைக்குப் போகும்: நட, பற, மற, திற, கட, பிற, சும, அள. க்கிறான் ஏற்கும் மற்றவை பெரும்பாலும் த்தான்: படி, குடி, எடு, பார். 'இரு' மட்டும் இருக்கிறான், இருந்தான் என்று கூடை மாறும்.

இன்னும் சுவையானது டு, று விவகாரம். தேடு, தேடினான், ஆனால் தொடு, தொட்டான். ஏன்? முன்னால் நிற்கும் எழுத்தைப் பாருங்கள். ஒரே ஒரு குறில் நின்று டு, று என முடிந்தால் ஒற்று இரட்டிக்கும்: நடு நட்டான், சுடு சுட்டான், விடு விட்டான், பெறு பெற்றான். நெடில் நின்றால் இரட்டிக்காது: ஓடினான், மூடினான், ஏறினான், மாறினான். திருடு போல இரண்டு குறில் நின்றாலும் திருடினான்தான். சாப்பிடு நீளமான சொல்லாயிற்றே என்றால், அதற்குள் இருப்பது 'இடு'. அதனால் சாப்பிட்டான், கூப்பிட்டான். புறப்படு என்பதற்குள் 'படு', அதனால் புறப்பட்டான். எடு, கொடு போன்றவை மட்டும் ஏன் எடுத்தான், கொடுத்தான்? அவை எடுக்கிறான், கொடுக்கிறான் என்று க்கிறான் ஏற்பவை, த்தான் கூடைக்காரர்கள். நெடில் நின்றும் இரட்டிக்கும் விலக்கு, அன்றாடம் வரும் 'போடு': போட்டான்.

இந்த விதியைச் சிறுவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டுப் பிள்ளைக்குத் தேவையும் இல்லை. அதன் காது ஏற்கெனவே சரியாகச் சொல்கிறது. லண்டன், டொராண்டோ, சிட்னி போன்ற ஊர்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் வேறு. வீட்டில் தமிழ் குறைவாகக் கேட்பவர்கள் 'போடினேன்', 'சாப்பிடினேன்' என்பார்கள். பெரிய கூடையின் வாலை எல்லாவற்றுக்கும் ஒட்டுகிறார்கள். இது சோம்பல் அல்ல, விதி கண்டுபிடித்துவிட்டதன் அறிகுறி. 'தவறு' என்று நிறுத்தாமல், 'ஓ, சாப்பிட்டாயா? என்ன சாப்பிட்டாய்?' என்று சரியான வடிவத்தைப் பதிலுக்குள் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு கூடை, கூடைக்கு ஆறு சொல் என்று தாளத்தோடு சொல்லிப் பழக்குவது பலன் தரும்.

வாயும் எழுத்தும்

பள்ளியில் வினை எழுதுவதில் வரும் பிழைகளுக்குப் பெரும் காரணம் பேச்சு. ஓடுனான், படிச்சான், உடைஞ்சுது, வந்துச்சு, சொன்னாங்க. இவை ஒழுங்கற்றவை அல்ல. பகுதி இகரத்திலோ ஐகாரத்திலோ முடிந்தால் த்த என்பது ச்ச ஆகும்: படித்தான் படிச்சான், சிரித்தான் சிரிச்சான், வைத்தான் வெச்சான். உகரத்தில் முடிந்தால் ஆகாது. எடுத்தான், கொடுத்தான் என்றுதான் பேச்சிலும் வரும். அதே இடங்களில் ந்த என்பது ஞ்ச ஆகும்: உடைந்தது உடைஞ்சுது, தெரிந்தது தெரிஞ்சுது.

பலகையில் இரண்டு பத்தி போடுங்கள்: 'வாய்', 'எழுத்து'. பிள்ளை சொன்னதை வாய்ப் பத்தியில் அப்படியே எழுதி, எதிரே எழுத்து வடிவத்தை எழுதுங்கள். வாய்ப் பத்திக்கு 'தவறு' என்று தலைப்பு வைக்காதீர்கள். வீட்டில் அம்மா பேசுவது தவறு என்று ஆறு வயதில் ஒரு பிள்ளைக்குச் சொல்லக்கூடாது. பத்து இணைகளைப் பார்த்ததும் வகுப்பே மாற்றத்தைப் பிடித்துவிடும். 'ஓடுனான்' மட்டும் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் 'ஓடு' என்ற பகுதி கண்முன்னே இருக்கிறது. அதனால் முதல் கூடைக்கு மட்டும் அட்டையை 'ஓடி', 'பாடி' என்று எழுதி, 'னான்' என்ற வாலைத் தனியே வைத்தால் நல்லது.

மரியாதை வினையை எந்திரம்போல் மாற்ற முடியாது. 'டீச்சர் வந்தாங்க' என்பதற்கு எழுத்தில் 'ஆசிரியர் வந்தார்' என்றும் வரும். 'பசங்க வந்தாங்க' என்பதற்கு 'வந்தார்கள்' மட்டுமே. ஒருவரா பலரா என்று கேட்கும் பழக்கம் வந்தால் போதும். 'மாடுகள் வந்தன' என்பதில் உள்ள 'அன' பிள்ளையின் பேச்சில் இல்லவே இல்லை. 'மாடெல்லாம் வந்துச்சு' என்றுதான் பேசும். ஆகையால் அது புதிய பாடம், கடைசியில் வரட்டும். எதிர்காலத்தில் 'மாடு வரும்', 'பறவை பறக்கும்' என்று வாயே சரியாகச் சொல்லிவிடும். இங்கே அட்டை விளையாட்டைப் புகுத்தினால் 'மாடு வருவது' என்று தப்பான வாக்கியம் பிறக்கும். அந்த அட்டையைச் செய்யவே வேண்டாம்.

ஒரு சுண்ணக்கட்டி போதும்

தன்வினை, பிறவினை என்ற பெயர்கள் பின்னால் வரும். வேறுபாட்டை இப்போதே காட்டலாம். சுண்ணக்கட்டி ஒன்றை மேசையிலிருந்து உருண்டு விழ விடுங்கள். இரண்டு துண்டு. 'என்ன ஆச்சு?' 'உடைஞ்சுது.' இன்னொன்றைக் கையில் எடுத்து, எல்லோரும் பார்க்க முறியுங்கள். 'இப்போ?' 'நீங்க உடைச்சீங்க.' பலகையில் 'சுண்ணக்கட்டி உடைந்தது', 'ஆசிரியர் உடைத்தார்' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ந்த, த்த இரண்டுக்கும் வட்டம் போடுங்கள். தானாக நடந்தால் மெல்லின ஒற்று, ஒருவர் செய்தால் வல்லின ஒற்று. காகிதம் கிழிந்தது, கிழித்தான். சட்டை நனைந்தது, நனைத்தான். செடி வளர்ந்தது, வளர்த்தான். இதே ஒலிமாற்றம் திரும்பு, திருப்பு, இறங்கு, இறக்கு, நிரம்பு, நிரப்பு என்று பகுதியிலேயே நிகழ்வதும் உண்டு. உடைத்தது யார் என்று விசாரணை நடக்கும் வகுப்பறையில் இந்த ஓர் ஒற்று எவ்வளவு முக்கியம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

முடிவு பெறாமல் நிற்கும் வினையான எச்சத்துக்குத் தோசை போதும். மாவை எடுத்து, கல்லில் ஊற்றி, எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டு, அம்மா தட்டில் வைத்தார். ஐந்து செயல்; யார் செய்தது என்று சொல்வது கடைசிச் சொல் மட்டும். அம்மாவை 'நான்' ஆக்கினால் ஐந்தில் ஒன்றுதான் மாறுகிறது. 'எடுத்து' என்று நிறுத்திவிட்டுப் பேசாமல் நில்லுங்கள், 'அப்புறம்?' என்று கேட்பார்கள். 'அப்புறம்?' என்று கேட்க வைப்பது எச்சம், வைக்காதது முற்று.

மதிப்பீட்டுக்கு வரையறை கேட்காதீர்கள். 'வினைச்சொல் என்றால் என்ன?' என்பதற்கு மனப்பாடமாகப் பதில் சொல்லும் பிள்ளை 'ஓட்டம்' என்பதில் வழுக்கும். 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், இல்லாத சொற்களையும் படங்களையும் வைத்து, சிறு பிள்ளைகள் ஆங்கிலத்தில் இறந்தகாலமும் பன்மையும் எப்படி அமைக்கிறார்கள் என்று சோதித்தார். அந்த உத்தி தமிழுக்கும் ஒத்துவரும். விநோதமாக ஆடும் ஒரு பொம்மையை வரைந்து, 'இவன் டொமக்கிறான். நேற்றும் இதையே செய்தான். நேற்று இவன்...' என்று நிறுத்துங்கள். 'டொமந்தான்' என்று ஒரு பிள்ளை சொன்னால், நட, பற, மற என்ற கூடை அதன் மனத்தில் உட்கார்ந்துவிட்டது. 'டொமத்தான்' என்றாலும் இறந்தகாலத்துக்கு ஒரு வால் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, கூடை மட்டும் இன்னும் பழகவில்லை. 'டொமக்கிறான்' என்றே திரும்பச் சொன்னால், கூடைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையோடு மறுபடியும் தண்ணீர்க் குவளையிலிருந்து தொடங்க வேண்டும்.